மகளின் கணினிப் பட்டியலுக்கு அப்பாவின் பதில்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள மகளுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். தைப்பூசக் காவடி நல்லபடியாக முடிந்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

திரையையும் சேர்த்து 25,000 ராண்டுக்குள் ஒரு விளையாட்டுக் கணினியை உதிரிப் பாகங்களாக வாங்கி, ஜோகன்னஸ்பர்க் அறையிலேயே நீயே பூட்டிக்கொள்ளப் போவதாக எழுதி, பாகங்களின் பட்டியலையும் அனுப்பியிருந்தாய். நிதானமாகப் படித்தேன். வானொலியும் தொலைக்காட்சியும் பழுது பார்த்த மனிதருக்குக் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி என்ன தெரியும் என்று உன் தம்பி கேலி செய்கிறான். வோல்ட்டும் ஆம்பியரும் அன்றைக்கு இருந்தபடியேதான் இருக்கின்றன. கடைக்காரர்களும் அப்படியேதான் இருக்கிறார்கள்.

உன் பட்டியலில் எனக்கு உள்ள பெரிய குறை, பணம் கண்ணில் படும் இடங்களுக்குப் போயிருக்கிறது என்பதுதான். எட்டு கோர் (கணக்கிடும் மையம்) உள்ள பிராசசர், அதற்குத் தண்ணீர்க் குளிர்விப்பான், வண்ண விளக்குகள் எரியும் கண்ணாடிக் கேஸ், 4கே திரை என்று எழுதிவிட்டு, மிச்சமிருந்த பணத்தில் 8 ஜிபி நினைவகம் கொண்ட கிராபிக்ஸ் கார்டையும், ஒற்றை ரேம் துண்டையும், பெயர் தெரியாத ஒரு பவர் சப்ளையையும் சேர்த்திருக்கிறாய். நான் இந்தக் கணக்கை மறுமுனையிலிருந்து, அதாவது நீ பார்க்கப் போகும் திரையிலிருந்து தொடங்குவேன்.

1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் அதைப்போல் சரியாக நான்கு மடங்கு. நீ விளையாடும்போது ஒவ்வொரு நொடியிலும் பல முறை அத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட வேண்டியது கிராபிக்ஸ் கார்டின் வேலை என்பதால், எந்தத் திரையை வாங்குகிறாயோ அதுவே எந்தக் கார்டு தேவை என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. உன் தொகைக்குள் வாங்கக்கூடிய கார்டு எதுவும் புதிய பெரிய விளையாட்டுகளை 4கே அளவில் சரளமாக ஓட்டாது. மேலும் நீ குறித்திருக்கும் திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை மட்டுமே படம் மாற்றும். ஒரு படம் மாற அதற்கு 16.7 மில்லி விநாடி ஆகும், 144 ஹெர்ட்ஸ் திரைக்கோ 6.9 போதும். நண்பர்களோடு துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளை ஆடும் உனக்கு அந்த வித்தியாசம் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். ஆகவே 24 அங்குலத்தில், 1080 அளவில், 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரை ஒன்றுக்கு 3,500 ராண்ட் அளவில் ஒதுக்கு. அதே 1080 அளவை 27 அங்குலத்தில் வாங்காதே. சிறிய மேசையில் அருகில் அமர்ந்து பார்க்கும்போது புள்ளிகள் துருத்திக்கொண்டு தெரியும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு 9,000 ராண்ட் வரை போகலாம் என்பது என் கருத்து. விளையாட்டுக் கணினியில் மற்ற எந்தப் பாகமும் அந்தப் பணத்துக்கு இவ்வளவு பலன் தராது. இங்கே ஒரு விஷயத்தில் நீ மிகவும் கவனமாக இருக்க வேண்டும். 2025-ல் வெளிவந்த ஜிபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய இரண்டுமே ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரு வடிவங்களில் விற்கப்படுகின்றன. கடையின் விலைச்சீட்டில் பெயர் பெரிதாகவும் நினைவகத்தின் அளவு சிறிதாகவும் இருக்கும். இன்றைய விளையாட்டுகள் பல, உயர்ந்த தரத்தில் வைத்தால், 1080 திரையிலேயே 8 ஜிபியைத் தாண்டிவிடுகின்றன. தாண்டியதும் கார்டு, கணினியின் பொது நினைவகமான ரேமைக் கடன் கேட்டு, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு வழியாக ஓட வேண்டியிருக்கும். அந்த வழி கார்டின் சொந்த நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. சராசரி வேகம் நன்றாகத் தெரிந்தாலும் படம் இடையிடையே திக்கித் திக்கி நிற்பது இதனால்தான். 5060 டிஐ மதர்போர்டோடு எட்டு தரவுத் தடங்களில் மட்டுமே பேசும், 9060 எக்ஸ்டி பதினாறு தடங்களில் பேசும் என்பதையும் மனத்தில் கொள். இந்த இரண்டில் 16 ஜிபி உள்ள 9060 எக்ஸ்டியே உன் தொகைக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங்கில் மற்றது கொஞ்சம் முந்தும். அதற்காக அதன் 8 ஜிபி வடிவத்தை வாங்கி நினைவகத்தில் பாதியை விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

எட்டு கோர் பிராசசரை அடித்துவிட்டு ரைசன் 5 7600 என்று எழுதிக்கொள். ஆறு கோர், பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 65 வாட். பெட்டிக்குள்ளேயே காற்றாடியும் வருகிறது, ஆகவே தண்ணீர்க் குளிர்விப்பானுக்குச் செலவே இல்லை. அதற்குள் சிறிய கிராபிக்ஸ் வசதியும் உண்டு. நாளைக்குக் கார்டு பழுதானால், கோளாறு கார்டிலா மற்ற பாகத்திலா என்று கண்டுபிடிக்க அந்த வசதி பெரிதும் உதவும். விலை குறைவு என்று கடையில் 7500எஃப்-ஐக் காட்டினால் அதில் இது இல்லை என்பதை நினைவில் வை. இந்தப் பிராசசர் அமரும் ஏஎம்5 என்ற சாக்கெட் 2022-ல் வந்தது. 2027-க்கு அப்பாலும் அதற்குப் புதிய பிராசசர்கள் வரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில், 2017-ல் வாங்கிய பல போர்டுகளில் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்து 2022-ல் வந்த பிராசசரைப் பொருத்த முடிந்தது. எனவே இன்றைக்கு நடுத்தரமான பிராசசரை வாங்கி, சில ஆண்டுகள் கழித்து அதை மட்டும் மாற்றிக்கொள்வதுதான் சிக்கனம். மதர்போர்டு பி650 வகையில் சாதாரணமானது போதும்.

ரேம் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. 2025 இறுதியிலிருந்து அதன் விலை உலகமெங்கும் ஏறிவிட்டது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களே உலகின் நினைவகத்தில் பெரும்பகுதியைச் செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அவர்களுடைய உற்பத்தியை அள்ளிக்கொண்டு போகின்றன. நவம்பர் மாதப் பிளாக் பிரைடே வரை பொறுத்தால் விலை இறங்குமா என்று கேட்டிருந்தாய். காரணம் தள்ளுபடி சம்பந்தப்பட்டதல்ல என்பதால் அதை நம்பிக் காத்திருக்க நான் சொல்ல மாட்டேன். நீ 16 ஜிபியை ஒற்றைத் துண்டாக எழுதியிருப்பது, பிறகு இன்னொன்றைச் சேர்த்து 32 ஆக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் என்று புரிகிறது. அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒற்றைத் துண்டில் பிராசசருக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதையில் பாதி மூடிக் கிடக்கும். பின்னால் வாங்கும் துண்டு முதல் துண்டோடு ஒத்துப்போகும் என்பதற்கும் உறுதி இல்லை. ஒரே பெட்டியில் வரும் இரண்டு 8 ஜிபி துண்டுகளை, டிடிஆர்5 வகையில், 6000 வேகத்தில் வாங்கு. விலை இறங்கும் காலத்தில் அவற்றை விற்றுவிட்டு இரண்டு 16 ஜிபி துண்டுகளைப் பொருத்திக்கொள்ளலாம்.

இனி பவர் சப்ளை. இதில் மட்டும் நான் சொல்வதை அப்படியே கேள். 750 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து அதை எடுத்திருக்கிறாய். உன் கணினிக்கு அவ்வளவு தேவையே இல்லை. கார்டுக்கு 160 முதல் 180 வாட், பிராசசர் முழு வேகத்தில் ஓடும்போது 90 வாட் அளவு, மற்றவற்றுக்கு ஐம்பது என்று வைத்துக்கொண்டாலும் 320-ஐத் தாண்டாது. தரமான 550 அல்லது 650 வாட் பவர் சப்ளை தாராளமாகப் போதும். தரத்தை எப்படிக் கண்டுகொள்வது என்றால், பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பார். பிராசசரும் கார்டும் உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் அந்தத் தடத்திலிருந்துதான் வருகிறது. அங்கே 52 ஆம்பியர் என்று இருந்தால், பன்னிரண்டால் பெருக்க 624 வாட். 650 என்று அவர்கள் சொல்வது உண்மை. அதே 650 என்று எழுதிய பெட்டியில் 35 ஆம்பியர்தான் இருக்கிறது என்றால், உனக்குக் கிடைப்பது 420 வாட் மட்டுமே. மீதி எல்லாம் யாருக்கும் பயன்படாத தடங்களில் கணக்குக் காட்டப்பட்டது. 80 பிளஸ் என்ற முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்கிறதே தவிர, உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர் எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்வதில்லை. அதற்கு உத்தரவாதக் காலத்தைப் பார். ஐந்து ஆண்டுக்குக் குறைவாகக் கொடுப்பவர்களிடம் வாங்காதே. கிராபிக்ஸ் கார்டைப் பழையதாக வாங்கினால்கூட நான் மறுக்க மாட்டேன். பவர் சப்ளையைப் பழையதாக வாங்கவே கூடாது. கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள வகையாக இருந்தால், அதனோடு வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்து. வேறொரு பவர் சப்ளையின் கேபிள் சிக்கென்று பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். அப்படி மாட்டினால் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியோ மதர்போர்டோ ஒரு நொடியில் போய்விடும்.

நீ இருக்கும் ஊரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023-ல் நாம் பட்ட அளவுக்கு மின்வெட்டு இப்போது இல்லை. ஆனால் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் கோடைக்கால மாலைகளில் இடியும் மின்னலும் எப்படி வரும் என்பதை நீயே பார்த்துக்கொண்டிருக்கிறாய். மின்னழுத்தம் திடீரென்று எகிறுவதைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக் ஒன்றை அவசியம் வாங்கு. ஆயினும் அருகில் விழும் மின்னலை அது தாங்கும் என்று நம்பிவிடாதே. வானம் இருண்டதும் மின்சார வயரைக் கணினியின் பின்னாலிருந்து உருவிவிடு, ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் சேர்த்து. வெளியிலிருந்து வரும் ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் பாயாது. ஆனால் ரவுட்டரும் சுவரிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது.

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் சுற்றும் காற்றாடி அங்கே குறைந்த வெப்பத்தையே வெளியேற்றும். போதாக்குறைக்கு, ஆகஸ்டு காற்றில் பழைய தங்கச் சுரங்க மேடுகளிலிருந்து பறந்து வரும் மஞ்சள் தூசி வேறு. முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் மூடிய கேஸில் காற்று நுழைய வழியில்லை. வலை முகப்பும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும், இரண்டு காற்றாடிகளும் உள்ள எளிய கேஸ் பாதி விலைக்குக் கிடைக்கும். வண்ண விளக்கு வேண்டுமென்றால் தீபாவளிக்கு நான் ஒரு சரம் வாங்கித் தருகிறேன்.

எஸ்எஸ்டியில் நீ எழுதியிருக்கும் 1 டிபி என்விஎம்இ (மதர்போர்டில் நேரடியாகச் செருகும் வேகமான வகை) சரியானது. அதை மாற்ற வேண்டாம்.

எல்லாவற்றையும் பதிவு பெற்ற கடைகளிலேயே வாங்கி, ரசீதுகளைப் படம் எடுத்து வைத்துக்கொள். நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால், பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உன்னுடையது, கடைக்காரருடையது அல்ல. இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம்; அனுப்பும் செலவு மட்டும் உன்னுடையது. தனி ஆள் ஒருவர் தம் வீட்டுப் பொருளை விற்கும்போது இந்த ஆறு மாத உரிமை கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்.

பூட்டி முடித்ததும் திரையின் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகு. பயாஸுக்குள் போய் எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்கினால்தான் ரேம் 6000 வேகத்தில் ஓடும். விண்டோஸ் அமைப்பில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தால்தான் திரை அந்த வேகத்தில் ஓடும். இரண்டையும் செய்யாமல் மாதக்கணக்கில் பாதி வேகத்தில் விளையாடுகிறவர்கள் உண்டு.

திருத்திய பட்டியலை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. பவர் சப்ளைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அதன் பக்கத்திலுள்ள அட்டவணையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடு. 12 வோல்ட் கட்டத்தை நான் பார்த்துச் சொன்ன பிறகு வாங்கலாம்.

அன்புடன்,
அப்பா