பாட்டு நடை பாரிமுனைக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி இசைவிழாவை ஒட்டி மயிலாப்பூரில் பாட்டோடு நடத்தப்படும் மரபு நடைகள் (ஹெரிடேஜ் வாக்) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நானும் அவற்றில் சேர்ந்துகொள்வதுண்டு. மாட வீதிகளுக்கு அந்த உரிமை உண்டு. கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் பஜனை பாடி வலம் வந்த தெருக்கள் அவை. அந்த வழக்கம் இன்றும் நிற்கவில்லை. ஆனால் பாட்டோடு நடப்பதென்றால் மயிலாப்பூர் மட்டும்தானா? ஜார்ஜ் டவுனில் நான் போன நடைகளில் கட்டடக்கலை பேசினார்கள், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வந்த கதை பேசினார்கள். ஒருவரும் வாய் திறந்து பாடவில்லை.

சபாக்கள் தெற்கே வேர்விடுவதற்கு முன் சென்னையின் சங்கீதம் குடியிருந்தது பாரிமுனைக்குப் பின்னால் உள்ள இந்தச் சந்துகளில்தான். தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில் தங்கினார் என்பார்கள். முதலியார் அவரைக் கோவூருக்கு அழைத்துப் போனதில் பிறந்தவை கோவூர் பஞ்சரத்தினக் கிருதிகள். ராமகிருஷ்ண செட்டித் தெருவில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலேயே வாசிப்பார். ஊரின் பெரிய வித்வான்களெல்லாம் அங்கே வாய்மூடி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். பாடகிகள் பிருந்தா, முக்தா, நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி மூவரும் அவருடைய பேத்திகள். திருவையாற்றில் தம் சொத்தைச் செலவழித்துத் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஜார்ஜ் டவுன்வாசியே. தேவதாசி மரபில் வந்த இப்பெண்கள் இல்லாமல் இந்த ஊரின் இசை வரலாறு கிடையாது. சபா மலர்களில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் என்னவோ அரைப் பக்கம்தான்.

இங்கே நடத்த என்ன இருக்கிறது, பழைய வீடுகள்தான் போய்விட்டனவே என்று ஒரு நடை அமைப்பாளர் என்னிடம் சொன்னார். வீடு போன இடத்தில்தான் பாட்டு வேண்டும் என்கிறேன் நான். கபாலி கோயில் வாசலில் பாடாவிட்டாலும் பார்க்கக் கோபுரம் இருக்கிறது. ராமகிருஷ்ண செட்டித் தெருவில் ஷட்டர் கதவுகளைப் பார்த்துக்கொண்டு தனம்மாளைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்? தனம்மாள் வழியில் பாடம் கேட்ட ஒருவர் அங்கே நின்று க்ஷேத்ரக்ஞர் இயற்றிய தெலுங்குப் பதம் ஒன்றைப் பாடினால் போதும்.

வீடும் பாட்டும் சேர்ந்தே கிடைக்கிற இடமும் இருக்கிறது. ஏழுகிணறு வீராசாமி தெருவில் வள்ளலார் சிறு வயது முதல் 1858 வரை வாழ்ந்த வீடு இன்றும் நிற்கிறது. அங்கிருந்து கந்தகோட்டம் நடக்கிற தூரம். ‘தருமமிகு சென்னையில் கந்தகோட்டத்துள்வளர் தலமோங்கு கந்தவேளே’ என்று தெய்வமணிமாலையில் பாட்டுக்குப் பாட்டு அவர் அழைப்பது அந்த முருகனைத்தான். வீட்டு வாசலில் ஒரு பாட்டு, கோயில் வாசலில் ‘ஒருமையுடன் நினது’ என்று வைத்தால் அந்தத் தெருக்களே நடையை நடத்திக் கொடுத்துவிடும். முடிக்கும் இடம் ராஜா அண்ணாமலை மன்றமாக இருக்கட்டும். தமிழிசைச் சங்கத்தின் விழாவும் பண் ஆராய்ச்சிக் கூட்டமும் அதே டிசம்பரில் அங்கேதான் நடக்கின்றன. வயதானவர்கள் உட்காரவும் ஓர் இடமாயிற்று.

எப்படிப் பாடுவது என்பதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. கழுத்தில் ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு, நடந்துகொண்டே, மூச்சு வாங்கப் பாட வைக்கிறார்கள். மயிலாப்பூர்க் கபாலீச்சரத்தில் நின்றுகொண்டு திருவேங்கடமுடையான் மேல் பாடியதையும் கேட்டேன். நல்ல குரல்தான், ஆனால் சம்பந்தர் அந்த ஊரின் ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம் என்று திருவிழாக்களை வரிசையாக வைத்துப் பாடிய பூம்பாவைப் பதிகம் இருக்கும்போது வேறென்ன வேண்டும்? ஒரு பாட்டுக்கு ஐந்து நிமிடம் நின்றால் ஒன்றும் குறைந்துவிடாது. ஜார்ஜ் டவுனில் ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்கினால் மீன்பாடி வண்டிகளும் லாரிகளும் வருவதற்குள் முடித்துவிடலாம், மைக்கும் தேவைப்படாது.

2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சென்னையை இசைக்காகச் சேர்த்தது. மாநகராட்சியும் சுற்றுலாத் துறையும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டால் மட்டும் போதாது. குறைந்தபட்சம் இந்த வீடுகள் இருந்த இடங்களில் பெயர்ப் பலகையாவது வைக்கலாம்.

பாடுவதற்குச் சபா வித்வான்களை மட்டுமே தேடிப் போகவேண்டாம். வடசென்னையில் திருவருட்பா பாடும் சன்மார்க்கச் சங்கத்தார் இருக்கிறார்கள், ஓதுவார்கள் இருக்கிறார்கள். அழைத்தால் வருவார்கள். நடைக்குக் கட்டணம் வாங்குகிறவர்கள் அவர்களுக்கும் மேடைக் கச்சேரிக்குரிய சன்மானத்தைத் தரவேண்டும். பொன்னாடையும் ஒரு டம்ளர் காபியும் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.