பதினாறு நாள் ‘ஹவாய்’ கப்பல் பயணத்தில் தீவு கண்டது மூன்றே நாள்: இழப்பீடு கோரிப் புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்,
தங்கள் சுற்றுலா நிறுவனத்தின் தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 16.06.2025

பொருள்: 2025 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்குச் சென்று திரும்பிய 15 இரவுக் கப்பல் பயணத்தில் கவாய்த் தீவு விடுபட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விவரத்தைத் தங்கள் நிறுவனத்துக்கு ஆறு மின்னஞ்சல்களில் எழுதிவிட்டேன். அண்ணா சாலைக் கிளைக்கு நான்கு முறை நேரில் வந்தேன். தொலைபேசியில் எத்தனை முறை அழைத்தேன் என்பதைப் பதினொன்றுக்கு மேல் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொல்லி, முழுவதையும் கேட்டபின் ‘மேலிடத்தில் சொல்கிறோம்’ என்று வைத்துவிடுகிறார். அந்த மேலிடம் தாங்கள்தான் என்ற நம்பிக்கையில் கடைசியாக இதை எழுதுகிறேன்.

தாங்கள் விற்ற பயணத்தின் அமைப்பைத் தங்களுக்கே நான் விளக்குவது முறையாகாது. முதல் நாள் கப்பல் ஏறுதல், நான்கு நாள் கடல், பெருந்தீவின் ஹிலோ, ஓவாஹுத் தீவின் ஹொனலுலு, கவாய், மௌயி என நான்கு நாளில் நான்கு தீவுகள், பிறகு ஐந்து நாள் கடல், மெக்சிகோவின் என்செனாடாவில் ஒரு மாலை, மறுநாள் காலை இறக்கம். ஆக, காலண்டரில் பதினாறு நாள்களில் ஒன்பது நாள் தண்ணீர் மட்டுமே என்பது தாங்கள் அறிந்த விஷயம். லாஸ் ஏஞ்சலிஸுக்கும் ஹவாய்க்கும் இடையே சுமார் 2,200 கடல் மைல். மணிக்கு 20 கடல் மைல் ஓடும் கப்பலுக்கும் அது நான்கரை நாள் ஓட்டம். விமானத்தில் போனால் சுமார் ஆறு மணி நேரம்தான். இந்தக் கணக்கு எனக்கு இப்போது தெரிகிறது. தங்களுக்கு அப்போதே தெரியும். ஆனால் ‘16 நாள் ஹவாய் உல்லாசம்’ என்று அச்சிட்ட தங்கள் விளம்பரத் தாளில், கரை தொடாமல் ஓடும் நாளைக் குறிக்கும் ‘கடல் நாள்’ என்ற சொல் எட்டாம் பக்கத்தின் அடியில், மூக்குக் கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்தில் இருந்தது. அட்டையிலோ கவாய்த் தீவின் பச்சை மலைச்சரிவுகள். அந்தத் தீவில்தான் நாங்கள் கால் வைக்கவேயில்லை.

நான் முதலில் கேட்டது இந்தப் பயணத்தை அல்ல என்பதைத் தங்கள் பதிவேடு சொல்லும். சான் ஹோசேயில் இருக்கும் எங்கள் மகள், ஹொனலுலு வரை விமானத்தில் போய், அங்கேயே ஏறி, ஏழு இரவுகளில் தீவுகளை மட்டும் சுற்றிவரும், அமெரிக்காவிலேயே பதிவான அமெரிக்கக் கொடிக் கப்பலைத்தான் பரிந்துரைத்தாள். அது ஆறு நாள் கரையைத் தொடுகிறது, கவாயிலேயே இரண்டு நாள் நிற்கிறது. தங்கள் விற்பனை அலுவலர்தான் கால்குலேட்டரைத் தட்டி, ‘அது ஒரு ராத்திரிக்கு ஒருத்தருக்கு 24,000 ரூபாய் சார், இது வெறும் 16,200, இரண்டு மடங்கு நாள் வேற கிடைக்குது’ என்றார். முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் வட்டிக் கணக்குப் பார்த்த நான் அந்த இடத்தில் ஏமாந்தது என் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். இரவுக் கணக்கைப் பார்த்தேனே தவிர, கரைக் கணக்கைப் பார்க்கவில்லை. இருவருக்குமாக நான் கட்டிய 4,86,000 ரூபாயை நான்கு தீவுகளுக்குப் பிரித்தால் ஒரு தீவு நாளுக்கு 1,21,500 ரூபாய். கவாய் விடுபட்ட பிறகு 1,62,000. அந்த ஏழு இரவுப் பயணத்தில் அதே கணக்கு 56,000 ரூபாய்தான், விமானக் கட்டணம் தனி என்றாலும்.

கடல் நாள்களே வீண் என்று நான் சொல்லவில்லை. பொய் எழுதி இழப்பீடு வாங்கும் வயதும் எனக்கில்லை. போகும்போது கழிந்த நான்கு நாள்களில் முதல் இரண்டு நாள் குளிரும் கப்பல் ஆட்டமுமாக இருந்தன. மூன்றாம் நாள் காற்று வெதுவெதுப்பானது, சுவெட்டரைக் கழற்றினோம். போகும் வழியில் இரண்டு இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கச் சொன்னார்கள். இருபத்தைந்து மணி நேர நாள் என்பது ஓய்வுபெற்றவனுக்குக்கூட ஒரு வரவுதான். என் மனைவி மேல்தளத்தில் உகுலேலே என்ற சிறு கிதார் வகுப்பில் சேர்ந்து, நான்காம் நாள் முடிவில் ‘குறை ஒன்றும் இல்லை’ பாட்டின் முதல் வரியை அதில் வாசித்துக் காட்டினாள். நாற்பது ஆண்டு இல்லறத்தில் நாங்கள் அப்படி வேலையற்று உட்கார்ந்து பேசியதில்லை. ஐந்தாம் நாள் மாலையில், நாளைக்குக் கரை என்ற எண்ணத்தோடு பார்த்த கடல் வேறு கடல். ஆகவே, நீண்ட பயணத்தில் கடல் நாளுக்கு மதிப்பு உண்டா என்று கேட்டால் உண்டு என்பேன், போகும் இடம் கிடைக்குமானால்.

கிடைக்கவில்லை என்பதுதான் என் புகார்.

கவாய்த் தீவு எங்களுக்கு ஏன் முக்கியம் என்பதை முன்பதிவு நாளன்றே தங்கள் அலுவலரிடம் சொல்லி, படிவத்தில் ‘சிறப்புக் கோரிக்கை’ என்ற கட்டத்தில் எழுதியும் கொடுத்தேன். அங்கே வைலுவா ஆற்றங்கரையில் கவாய் ஆதீனம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் வழிவந்த சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970இல் அமைத்த மடம். கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி வரைந்த அமைப்பில், பெங்களூருப் பக்கம் கையால் செதுக்கிய கருங்கல்லைக் கப்பலில் கொண்டுபோய் எழுப்பிய இறைவன் கோயிலும், அதற்குள் ஸ்படிக லிங்கமும் அங்கே உண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுவில் சோழர் பாணியில் ஒரு கல் கோயில் என்று படித்த நாளிலிருந்து என் மனைவிக்கு அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. மகள் அந்த மடத்துக்கு எழுதி, காலைத் தரிசனத்துக்கு முன்கூட்டியே அனுமதியும் வாங்கிவிட்டாள்.

அன்று காலை ஐந்து மணிக்கே என் மனைவி பட்டுப்புடவை கட்டி, பழனி விபூதிப் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அறையின் பால்கனியில் நின்றிருந்தாள். தீவு தெரிந்தது. மலையின் மேல் மேகம் தெரிந்தது. ஆறே முக்காலுக்குக் காற்று பலமாக இருப்பதால் நவிலிவிலித் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது என்று கேப்டன் அறிவித்தார். அந்தத் துறைமுகத்தின் வாய் குறுகியது, உள்ளே நுழைந்தவுடன் வளைந்து திரும்ப வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கேப்டனை நான் குறை சொல்லவில்லை, அவர் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பார்க்க வேண்டும். ஆனால் பலத்த காற்றில் அந்தத் துறைமுகத்தைக் கப்பல்கள் தவிர்ப்பது புதிதல்ல என்பது கப்பல் பயணம் விற்கும் தங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஒரே ஒரு நாளில், ஒரே ஒரு காலையில் அந்தத் தீவை நம்பி இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று சொல்லும் கடமை தங்களுடையது. சொல்லியிருந்தால் மகள் சொன்ன கப்பலில் போயிருப்போம்.

இழப்பீடாகக் கிடைத்தது ஒருவருக்கு 14 டாலர் துறைமுக வரி, கப்பல் கணக்கிலேயே வரவு. நாளொன்றுக்கு ஒருவருக்கு 17 டாலர் வீதம் பணியாளர் சேவைக் கட்டணம் மட்டும் கரை காணாத அந்த நாளுக்கும் சேர்த்து, மொத்தம் 510 டாலர், தவறாமல் பிடிக்கப்பட்டது.

திரும்பும் ஐந்து நாள்களை எழுதவே கை கூசுகிறது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்துக் கப்பல் போயாக வேண்டும். படிக்கட்டுக் கைப்பிடிகளில் எல்லாம் வாந்திப் பைகளைச் செருகி வைத்திருந்தார்கள். அலமாரியில் சட்டை மாட்டும் கம்பிகள் ஒன்றோடொன்று இடித்து இரவெல்லாம் டங் டங்கென்று அடித்துக்கொண்டே இருந்தன. கடைசியில் ஒரு துண்டால் அவற்றைச் சேர்த்துக் கட்டினேன். அப்போதும் இழுப்பறை திறந்து மூடியது. மனைவி இஞ்சி மிட்டாயும் பச்சை ஆப்பிளுமாகப் படுத்தே கிடந்தாள். போகும்போது கொடுத்த மணி நேரத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அந்த உகுலேலே பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

இதற்கெல்லாம் முன் டெல்லி. வரிசை மாறுவதற்குப் பொறுத்தருள்க, அதை நினைத்தாலே மனம் கொதிக்கிறது. என்செனாடாவில் கப்பல் நிற்பதால் மெக்சிகோ விசா கட்டாயம், சென்னையில் கிடைக்காது, டெல்லித் தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும் என்று எழுதித் தந்தவர் தங்கள் கிளை அலுவலர். அறுபத்தாறு வயதில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு உட்கார்ந்து, ஜனவரிக் குளிரில் டெல்லியில் இறங்கி, தூதரகச் சாளரத்தில் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அங்கிருந்த பெண்மணி என் அமெரிக்க விசாவை ஒரு நொடி பார்த்து, செல்லத்தக்க அமெரிக்க விசா இருப்பவருக்கு மெக்சிகோ விசா தேவையே இல்லை என்று கனிவாகச் சொல்லித் திருப்பித் தந்தார். அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்காகப் போக வர நான்கு இரவு ரயில், தங்கும் விடுதி, ஆட்டோ, திரும்பி வந்தபின் ஒரு வாரக் காய்ச்சல். அந்த என்செனாடாவில் நாங்கள் இறங்கியது மாலை ஐந்து முதல் ஒன்பது வரை, இருட்டில், நான்கு மணி நேரம். அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி அமெரிக்கத் துறைமுகத்திலேயே இறங்கும் பயணத்தில் வெளிநாட்டுக் கொடிக் கப்பல் இடையில் ஏதேனும் அயல்நாட்டுத் துறையைத் தொட வேண்டும் என்ற 1886ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக மட்டுமே அங்கே நிற்கிறார்கள் என்பதைச் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரியவர் சொல்லித்தான் அறிந்தேன். தங்கள் விளம்பரத்திலோ அது ‘மெக்சிகோவின் வண்ணங்களைக் காணும் நாள்’.

இனி அந்த அலுவலர். பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை, ஏப்ரல் 22 பிற்பகல் யார் பணியில் இருந்தார் என்பது தங்கள் வருகைப் பதிவில் இருக்கும். கவாய் விடுபட்டது பற்றி நான் சொல்லி முடிப்பதற்குள், கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமலே, ‘ஹவாய்தானே சார், அதான் பார்த்துட்டீங்களே’ என்றார். ஹவாய் இல்லை, கவாய் என்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன். ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்றார். ஒரு நாள் முழுதும் கடலிலேயே கிடந்தோம் என்றதற்கு, பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ‘கடல்ல போறதுக்குத்தானே கப்பல் டிக்கெட் வாங்கினீங்க?’ என்றார். என் மனைவி அருகில் இருந்தாள். அவள் எதுவும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்ப் படியில் நின்றாள். நான் கட்டிய பணம் முழுவதையும் அந்த ஒரு சிரிப்பில் இழந்தேன் என்றே கருதுகிறேன்.

ஆனால் அவர் வாதத்தை அப்படியே எடுத்துக்கொள்வோம். கடல் நாளும் கரை நாளும் ஒரே மதிப்பு என்பது தங்கள் நிலைப்பாடு என்றால், விளம்பரத்தில் ஒன்பது பக்கம் கடலையும் நான்கு பக்கம் தீவையும் அச்சிட்டிருக்க வேண்டும். கடல் நாளுக்குக் குறைந்த மதிப்பு என்றால், கவாய்க்குப் பதில் கிடைத்த கடல் நாளுக்கு இருவருக்கும் சேர்த்து 28 டாலர் என்பது நியாயமில்லை. விற்கும்போது ஒரு கணக்கு, திருப்பித் தரும்போது வேறு கணக்கு என்பதை எந்த வங்கியும் ஏற்காது.

தங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. முதல் நாள் காபி கொடுத்து உட்கார வைத்த வரவேற்புப் பெண்ணை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். பேசித் தீர்த்துக்கொள்வதே என் விருப்பம். நான் கேட்பது, நான்கில் ஒரு தீவு விடுபட்டதற்கு 1,21,500 ரூபாய், டெல்லி அலைச்சலுக்கு 18,640 ரூபாய், மன உளைச்சலுக்கு 5,00,000 ரூபாய், அத்துடன் என் மனைவிக்கு எழுத்து மூலமான ஒரு மன்னிப்பு. மூன்றாவது தொகை அதிகம் என்று தங்களுக்குத் தோன்றலாம். அன்று காலை பால்கனியில் நின்ற அவள் முகத்தைத் தாங்கள் பார்த்திருந்தால் அப்படித் தோன்றாது.

இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாள்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, தவறான விளம்பரம், சேவைக் குறைபாடு ஆகிய இரண்டையும் சொல்லி வழக்குத் தொடர்வேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சேவைக்கு அங்கே கட்டணம்கூட இல்லை. வழக்குத் தொடரக் கெடு இரண்டு ஆண்டு, எனக்கு ஓய்வூதியமும் நேரமும் நிறைய இருக்கின்றன.

பதிலைத் தயவுசெய்து எழுத்தில் அனுப்பவும். தொலைபேசியில் வேண்டாம். குறிப்பாக, ஏப்ரல் 22 பிற்பகல் பணியில் இருந்தவர் மூலம் வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: விளம்பரத் தாளின் அட்டை மற்றும் எட்டாம் பக்க நகல், ‘சிறப்புக் கோரிக்கை’ எழுதிய முன்பதிவுப் படிவ நகல், கப்பல் கணக்குச் சீட்டு, டெல்லி ரயில் டிக்கெட்டுகள் இரண்டு.