குளத்துக் கணக்கும் உரக் கணக்கும்

ஆயித்தியமலை, மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. எண்ணெய் அருகிப்போகும் காலத்தில் நம்மட ஆட்களுக்கு இருப்பதைப் பங்கிடத் தெரியாது, அடிபடத்தான் தெரியும் என்று எழுதியிருந்தாய். அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

சிறுபோக (வெயில்கால நெற்போகம்) ஆரம்பக் கூட்டத்தை நினைத்துப்பார். எஞ்சினியர் உன்னிச்சைக் குளத்து நீரை ஏக்கர் அடியில் (ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்) சொல்லுவார். அதில் மட்டக்களப்புக்குக் குடிக்க ஒதுக்கவேண்டும். வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் போனாலும் நாலு மாதத்தில் இரண்டடி ஆவியாகிவிடும். மிச்சத்தை ஏக்கருக்கு நாலைந்து அடி என்று பிரித்தால் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது வந்துவிடும். விதைப்புக் கடைசி நாள், துருசு (குளத்து மதகு) திறக்கும் நாள், வயலிலிருந்து மாடு அகற்றும் நாள் எல்லாம் அங்கேயே முடிவாகும். பிசகுவது எங்கே தெரியுமா? மூன்று மாத நெல் போடச் சொன்ன இடத்தில் ஒருவர் நாலு மாத நெல்லைப் போடுவார். அந்த ஒரு துண்டுக்காகத் துருசைப் பூட்டமுடியாமல் போகும், கடைமடைக்காரன் தவிப்பான். தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை கண்டிப்பான ஆளாக இருந்தால் இது நடக்காது.

எரிபொருளுக்கு அப்படியொரு முன்கணக்கு இருக்கவில்லை. 2022இல் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று பங்கிட்டார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சனம் நாட்கணக்கில் வரிசையில் நின்ற பிறகு வந்தது.

உரத்தை யாரும் எரிபொருளாக நினைப்பதில்லை. 50 கிலோ யூரியா மூடையில் நைதரசன் 23 கிலோ. அதைச் செய்ய இயற்கை வாயு வேண்டும். செலவாகும் சக்தியை டீசலாகக் கணக்கிட்டால் மூடைக்கு ஏறக்குறைய 30 லீற்றர். ஏக்கருக்கு இரண்டு மூடை எறிந்தால் 60 லீற்றர், உழவும் வெட்டுமெசினும் சேர்ந்தாலும் அவ்வளவு குடிக்காது. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தியபோது கைக்கு எட்டிய மாற்று, வேலியில் நடும் கிளிசரியா மரத்துத் தழை. பச்சைத் தழையில் நைதரசன் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு மூடைக்கு ஈடாக மூன்று தொன் தழை, ஏக்கருக்கு ஆறு தொன்! வேலியெல்லாம் மரம் நட்டு இரண்டு மூன்று வருடம் பொறுத்திருந்தால் பாதியையாவது ஈடுகட்டியிருக்கலாம். அந்த அவகாசத்தைக் கொடுக்காததுதான் பெரிய பிழை, எனக்கு இன்னும் ஆறவில்லை.

இருக்கிற யூரியாவையும் வீணாக்குகிறோம். நிறைந்த தண்ணீருக்குள், அதுவும் பாசி பிடித்த வயலில், மத்தியான வெயிலில் எறிந்தால் அமோனியாவாகப் பறந்துவிடும். தண்ணீரை வடித்து, சேற்றுப் பதத்தில் பின்னேரம் எறிந்து, வக்கடையை (வரம்பில் தண்ணீர் போகும் வாயை) அடைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் கட்டச் சொல்லு. மொத்த அளவையும் மூன்று தடவையாகப் பிரிக்கவேணும்.

உங்கட பக்கம் சேனாநாயக்க சமுத்திரக் குளத்துத் தண்ணீருக்குக் கூட்டம் வைக்கும்போது, எத்தனை மூடை உரம், எத்தனை லீற்றர் டீசல் கையில் இருக்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் தாங்கும் என்று விவசாய அமைப்பு மூலமாகக் கேள். இங்கேயும் கேட்கச் சொல்கிறேன். என்ன பதில் வந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் மச்சான்