கயிற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு வரைபடம் போடுங்கள்

கடலோரத் திட்டங்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றுக்கு ஆய்வறிக்கை எழுதும் வல்லுநர்களுக்கும்

வணக்கம். நான் கரைவலைக்காரர் ஒருவரின் மகள். சிவில் பொறியியல் படித்தவள். உங்கள் அறிக்கைகளை வாசிக்கத் தெரியும், அப்பாவின் கடலும் ஓரளவு தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்குத் தெற்கே அலைத்தடுப்புச் சுவர் கட்டுவதற்கு முன் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அப்பா எழுந்து, “சுவருக்குத் தெற்கே மணல் மேடு தட்டும், வடக்கே ஊரைக் கடல் தின்னும்” என்றார். “உங்கள் உணர்வுகள் பதிவு செய்யப்பட்டன” என்று சொல்லி, மேடையில் இருந்தவர் அடுத்த பெயரை அழைத்தார். அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது. அப்பா சொன்னது மணல் கணக்கு.

அந்தக் கணக்கை அவர் போட்ட விதத்தைச் சொல்கிறேன். கரைவலையின் ஒரு கயிறு கரையில் இருக்கும். படகு வலையை வளைத்து இறக்கிவிட்டு, மறுகயிற்றைக் கொஞ்சம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். நீரோட்டம் வலையைப் பக்கவாட்டில் தள்ளும்போது இழுப்பவர்களும் கரையோடு நகர வேண்டும். அப்பா முதல் கயிறு நின்ற இடத்தில் ஒரு துடுப்பை நட்டுவிடுவார். வலை கரையேறியதும் திரும்பி நின்று, துடுப்பு எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்று பார்ப்பார். தெற்கிலிருந்து போகும் ஓட்டம் தெண்டி, வடக்கிலிருந்து வருவது வன்னி. எது எத்தனை நாள் நின்றது, எந்த மாதம் திரும்பியது என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தன, நாற்பது வருடத்துக்கு. கூட்டத்தில் வைத்த அறிக்கையிலோ ஒரே பருவத்தின் அளவீடு.

கிழக்குக் கரையில் தென்மேற்குக் காற்றுக் காலம் மணலை வடக்கே தள்ளுகிறது. வாடைக் காலம் அதில் ஒரு பங்கைத்தான் தெற்கே திருப்புகிறது. கடலுக்குள் நீளும் சுவர் அந்த மணலை மறித்தால், தெற்கே சேரும், வடக்கே குறையும். சென்னைத் துறைமுகத்தின் வேலை 1870களில் தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிந்தது. நூறு வருடம் கழித்துப் புதுச்சேரியிலும் துறைமுகச் சுவருக்கு வடக்கே, நகரின் மணற்கரை போய்க் கற்குவியல் வந்தது. பாடப்புத்தகமும் கரைவலைக் கயிறும் ஒரே செய்தியைத்தான் சொல்லியிருக்கின்றன.

எங்கள் ஊரில் சுவர் வந்தது, பிறகு கரை போனது, அதைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே அடுத்த ஊருக்கு நகர்ந்தது. கல்லில் வலை கிழியும், நின்று இழுக்க மணலும் இல்லை. அப்பா வலையை மடித்து வீட்டுப் பரணில் போட்டுவிட்டார்.

மீனவருக்கு எல்லாம் தெரியும் என்று நான் வாதாட வரவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, பல நாள் தங்கலுக்கு ஆழ்கடல் போயிருந்தவர்களுக்கு அனுபவம் மட்டும் போதவில்லை. செயற்கைக்கோள் பார்த்ததை நடுக்கடல் வரை கொண்டுபோகும் வழியும் வேண்டியிருந்தது. இன்று ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அலை எச்சரிக்கையை எங்கள் ஊரில் காலையில் கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் படகை இறக்குகிறார்கள். உங்கள் அறிவை நாங்கள் வாங்கிக்கொண்டோம். எங்களுடையதை நீங்களும் வாங்க வேண்டும்.

வரைபடம் முடிந்த பிறகு கூட்டம் போட்டுக் கேட்பது கேட்பதாகாது. கோடு போடுவதற்கு முன்னால் வாருங்கள். வருடம் முழுக்க அளவெடுங்கள். கரைவலைக்காரர் சொன்ன கணக்கை ‘உள்ளூர் மக்களின் அச்சம்’ என்ற தலைப்பில் தள்ளாமல், தரவு அத்தியாயத்தில் சொன்னவர் பெயரோடு சேருங்கள். உங்களுக்கு ஆலோசனைக் கட்டணம் உண்டென்றால், அவருக்கும் அந்த நாள்களுக்கான ஊதியம் கொடுங்கள். அவர் சொன்னது உங்கள் கணினி மாதிரியோடு பொருந்தவில்லை என்றால், ஏன் என்று அறிக்கையிலேயே எழுதுங்கள். அவர் தவறாக இருக்கலாம், மாதிரியும் தவறாக இருக்கலாம்.

சித்திரையில் ஒருமுறையும் ஐப்பசியில் ஒருமுறையும் வாருங்கள். எங்கள் ஊரில் மணல் இல்லை. இன்னும் கரைவலை இழுக்கும் ஊருக்கு அப்பாவே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். துடுப்பையும் அவரே கொண்டுவருவார்.

இப்படிக்கு,
ஒரு கரைவலைக்காரரின் மகள்