2025 நவம்பர், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி,

கடிதம் என்றதும் பயந்துவிடாதே, எல்லாரும் நன்றாக இருக்கிறோம். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

பெண்கள் உலகக் கோப்பை பார்த்தாயா? அரையிறுதியில் ஆஸ்திரேலியா 338 அடித்ததும் நான் படுக்கப் போய்விட்டேன். அம்மாதான் எழுப்பினாள். நம் ஜெமிமா 127 அடித்து, அவுட்டாகாமல் நின்று முடித்தாள். இதே தொடரில் ஒரு மேட்சில் அவளை வெளியே உட்காரவைத்திருந்தார்கள். ஜெயித்த பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு நிற்கிறது. மனசு சரியில்லாமல் இருந்ததாம், அம்மாவுக்குப் போன் போட்டு அழுவாளாம். அத்தனை பேர் முன்னால் சொல்கிறாள். உன் அம்மா டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

ஃபைனலை நீயே பார்த்திருப்பாய், ஞாயிற்றுக்கிழமைதானே.

செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ இன்சூரன்ஸுக்கு ஜிஎஸ்டி இல்லை. உன் பாலிசிக்குப் பணம் கட்டிவிட்டாயா?

ஒரு விஷயம் கவனித்தேன். முன்பெல்லாம் வியாழக்கிழமை நீ போன் எடுக்க மாட்டாய். ஆபீஸ் மீட்டிங் என்பாய். செப்டம்பரிலிருந்து வியாழன் எடுக்கிறாய், செவ்வாய்தான் எடுப்பதில்லை. பங்குச் சந்தையில் நிஃப்டி எக்ஸ்பைரி, அந்த வாரத்துக் கணக்கு தீர்க்கும் நாள், வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறியதைப் பேப்பரில் படித்தேன். சும்மா சொல்கிறேன். தீபாவளிக்கு இங்கே லீவு, மும்பையில் சந்தை திறந்திருந்தது. எண்ணெய் வைத்த தலையோடு மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். அக்கா பிள்ளைகள் வெடி வெடிக்க மாமாவைத் தேடின.

நீ கெட்டிக்காரன், தெருவில் எல்லாரிடமும் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கணக்கில், மூன்று வருஷத்தில் எஃப் அண்ட் ஓ, அதுதான் விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டும் ஆட்டம், ஆடிய தனியாட்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நட்டம். அந்த 93 பேரையும் பெற்றவர்கள் கெட்டிக்காரன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேமுக்குத் தடை வந்ததே, அதில் ஸ்பான்சர் போய், ஆசியக் கோப்பையில் நம் ஆட்கள் மொட்டைச் சட்டையோடு ஆடினார்கள். பார்க்கும்போது எனக்கு 2003 ஜனவரி ஞாபகம். ஜெயலலிதா லாட்டரியைத் தடை செய்த மாதம்.

அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி உனக்கு ஞாபகம் இருக்காது, கதை தெரியும். கொக்கி மாற்றக் கொண்டுபோனேன், திண்டுக்கல் பஸ்ஸில் பையைக் கிழித்து எடுத்துவிட்டார்கள் என்று. பையை நான்தான் பிளேடால் கிழித்தேன், தம்பி. சங்கிலி அடகுக்கடையில் இருந்தது. மீட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். தினம் ஆபீஸ் விட்டதும் ஸ்டாண்ட் பக்கம் சீட்டு வாங்குவேன். ஒரே நம்பரில் போய்விட்டது என்றால் அடுத்த நாள் இரண்டு மடங்கு. நகை மூழ்கிவிட்டது. அப்போதும் நானாக நிறுத்தவில்லை. லாட்டரிக் கடையை மூடினார்கள், நின்றது. அவ்வளவுதான் என் யோக்கியதை.

இப்போது பவுன் 90 ஆயிரத்தைச் சுற்றி நிற்கிறது. விலை ஏறும் ஒவ்வொரு நாளும் அம்மா அந்தத் திண்டுக்கல் திருடன் நாசமாகப் போக என்று திட்டுகிறாள். நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று சில நாள் தோன்றும்.

பங்குச் சந்தையை யாரும் மூட மாட்டார்கள்.

மார்ச்சில் என் எஃப்டி ஒன்று முடிகிறது. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வைத்திருந்தது. சுவர் இன்னும் இரண்டு வருஷம் தாங்கும் என்று கொத்தனார் சொல்கிறார். எவ்வளவு என்று மட்டும் சொல், எப்படி என்று கேட்க மாட்டேன். அம்மா ஏழு மணிக்குக் கோவிலுக்குப் போவாள், அப்போது கூப்பிடு.

பாலிசிக்குக் கட்டிவிடு. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா