சம்பளச் சீட்டில் இருக்கும் வரி எங்கே போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிநபர் வருமான வரியை ஒரு நாடு அடியோடு எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டு, சென்ற வாரம் உங்கள் இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் ஓர் அலுவலகத்தின் சம்பளப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். மாதாமாதம் நானூற்றுச் சொச்சம் பேருக்குப் பட்டியல் போட்டேன். பேரேட்டில் தொடங்கிக் கணினியில் முடித்தேன். அந்த வாசகர் வேண்டாம் என்கிற வரியை இத்தனை காலமும் பிடித்தது என் கைதான். அதனால் பதில் எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பளக்காரரின் வருமானம் கண்ணாடிப் பெட்டியில் வைத்தது மாதிரி. பணம் கையில் வருவதற்கு முன்பே வரி போய்விடும். சொந்தத் தொழில் செய்பவர் என்ன சம்பாதிக்கிறார் என்பது அவர் சொல்வதைப் பொறுத்தது. ஆண்டு முடிவில் வரிக் கழிவு கேட்டு ரசீதுகளோடு என் மேசைக்கு வருவார்கள். பன்னிரண்டு மாத வாடகை ரசீது, பன்னிரண்டும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதாக இருக்கும். நேர்மையாகக் கணக்குக் கொடுத்தவர் அதே வரிசையில் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு வரும் கசப்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் கையாலும் ஒரு தப்பு நடந்தது. ஊதிய உயர்வு மூன்று ஆண்டு இழுத்தடித்து, நிலுவை மொத்தமாக ஒரே மாதத்தில் வந்தது. எங்கள் ஓட்டுநர் ஒருவர் அதற்கு முன் வரி வரம்பின் பக்கமே போனதில்லை. அந்த ஒரு மாதத்தால் வரம்பைத் தாண்டிவிட்டார். நிலுவையை அந்தந்த ஆண்டுக்குப் பிரித்துக் காட்டும் படிவம் இணைத்திருந்தால் அவருக்கு வரியே வந்திருக்காது. இணைக்க வேண்டியவன் நான், அவசரத்தில் விட்டுவிட்டேன். மறுநாள் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, ஓர் இடத்தில் விரலை வைத்து, "சார், இது என்ன பிடிச்சிருக்கு?" என்று கேட்டார். பிடித்த பணம் அவருக்குத் திரும்பி வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கியிருந்தார். இந்த வரி எவ்வளவு முரட்டுத்தனமாக நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன், இதை ஒழிக்கக் கூடாது.

ஒழித்த நாடு இல்லையா என்றால், உண்டு. பிரிட்டன் இரண்டு முறை ஒழித்தது. பிரான்சுடன் நடந்த போரின் செலவுக்காக 1799-இல் பிரதமர் வில்லியம் பிட் இந்த வரியைக் கொண்டுவந்தார். 1802-இல் சமாதானம் வந்ததும் எடுத்தார்கள். அடுத்த ஆண்டே போர் மூண்டது, வரியும் திரும்பியது. நெப்போலியன் தோற்ற பிறகு 1816-இல் நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டு மறுபடி எடுத்தது. வரிப் பதிவேடுகளையே அழித்துவிட வேண்டும் என்று தீர்மானிக்கும் அளவுக்கு மக்களுக்கு அதன் மேல் வெறுப்பு.

சரி, அதற்கப்புறம் அரசு எதை வைத்து ஓடியது? உப்பு, சோப்பு, மெழுகுவத்தி, ஜன்னல் எல்லாவற்றுக்கும் வரி. வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணுவார்கள். வரிக்குப் பயந்து மக்கள் செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்களை அந்த நாட்டின் பழைய வீடுகளில் இன்றைக்கும் பார்க்கலாம். சோப்பு காய்ச்சும் கொப்பரைகளுக்குப் பூட்டுப் போடும் மூடி இருக்க வேண்டும் என்பது விதி. கணக்கில் வராமல் இரவில் காய்ச்சிவிடக் கூடாது என்று வரி அதிகாரி பூட்டிச் செல்வார். உடம்புக்குத் தேய்க்கும் சோப்பும் வீட்டுக்குள் வரும் வெளிச்சமும் வரி கட்டின. பெரும்பணக்காரரின் வருமானம் கட்டவில்லை. 1842-இல் பிரதமர் ராபர்ட் பீல் வருமான வரியை மீண்டும் கொண்டுவந்தபோது, ஆண்டுக்கு 150 பவுண்டுக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும், பவுண்டுக்கு (அன்றைக்கு 240 பென்ஸ்) 7 பென்ஸ், மூன்றே ஆண்டுகளுக்கு என்றுதான் சொன்னார். அந்தப் பணத்தின் பலத்தில் நூற்றுக்கணக்கான பொருட்களின் இறக்குமதி வரியைக் குறைத்தார். ஜன்னல் வரி போனது 1851-இல். சோப்பு வரி போனது 1853-இல். பின்னர் நிதியமைச்சராக வந்த கிளாட்ஸ்டன் 1860-க்குள் வருமான வரியை எடுத்துவிடத் திட்டம் போட்டார். ரஷ்யாவுடன் கிரிமியப் போர் குறுக்கே வந்தது. பிரதமரான பிறகு 1874 தேர்தலில் ஒழிப்பதாகவே வாக்குக் கொடுத்தார், தேர்தலில் தோற்றார். பிரிட்டனில் இன்றைக்கும் சட்டப்படி அது தற்காலிக வரிதான். நாடாளுமன்றம் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது.

அடுத்து, எல்லோரும் எடுத்துக்காட்டும் வளைகுடா நாடுகள். இதில் எனக்கு வீட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. என் தம்பி ஐக்கிய அரபு அமீரகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தான். விடுமுறைக்கு வரும்போது அவன் சம்பளச் சீட்டையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவான். "பாருங்கண்ணே, பிடித்தம்னு ஒரு இடமே இல்ல" என்பான். உண்மைதான், அந்தக் கட்டமே கிடையாது. ஆனால் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளியில் படிக்க வைத்ததும் அவன்தான். வேலை முடிந்ததோடு அங்கே தங்கும் உரிமையும் முடிந்தது. ஆண்டுக் கணக்கில் ஒரு பணிக்கொடை கொடுத்து அனுப்பினார்கள். ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. அமீரகத்தில் வசிப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அவனைப் போல வெளிநாட்டவர். எண்ணெய்ப் பணம் ஒரு பக்கம், முதுமை வரை தாங்க வேண்டிய சொந்தக் குடிமக்கள் சிறு தொகை. அந்தக் கணக்கில்தான் அங்கே வரியில்லாச் சம்பளம் நடக்கிறது. எல்லாக் குடிமக்களையும் பிறப்பு முதல் இறப்பு வரை சுமக்க வேண்டிய நாடு இதைப் பார்த்து எழுத முடியாது.

அங்கேயும் நிலைமை மாறி வருகிறது. 2018-இல் அமீரகத்திலும் சவூதியிலும் 5 சதவீத மதிப்புக்கூட்டு வரி, அதாவது பொருள் வாங்கும்போது விலையோடு கட்டும் வரி, வந்தது. 2020-இல் எண்ணெய் விலை சரிந்ததும் சவூதி அதை ஒரே தாவலில் 15 சதவீதம் ஆக்கியது. சம்பளத்தில் கை வைக்கவில்லை, வாங்கும் பொருளில் வைத்தது. 2023-இல் அமீரகம் நிறுவனங்களின் லாபத்துக்கு 9 சதவீத வரி போட்டது. ஓமன் ஒரு படி மேலே போய், 2028 முதல் ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவர்களிடம் 5 சதவீத வருமான வரி வாங்கப் போவதாக 2025-இல் அறிவித்திருக்கிறது. உரத்துக்கான பாஸ்பேட் தாதுவை வெட்டி விற்ற காலத்தில் வருமான வரி இல்லாமல் இருந்த பசிபிக் கடலின் நவ்ரு தீவு, அது தீர்ந்த பின் 2014-இல் சம்பளத்துக்கு வரி கொண்டுவந்தது. மாலத்தீவும் 2020-இல் கொண்டுவந்தது. எண்ணெய் பொங்கியபோது 1980-இல் வருமான வரியை எடுத்த அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம், விலை விழுந்த 2016-இல் மக்களுக்குக் கொடுத்துவந்த எண்ணெய்ப் பங்குத் தொகையைப் பாதியாக வெட்டியது.

எண்ணெயும் இல்லாமல் துணிந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019 கடைசியில் மதிப்புக்கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக்கினார்கள். சம்பளத்தில் பிடிக்கும் வரியை நிறுத்தினார்கள். வரியில்லா வரம்பை ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாயிலிருந்து 30 இலட்சமாக்கினார்கள். அன்றைக்குச் சம்பளக்காரர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்! நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. வரிக் குறைப்பு மட்டும் காரணம் என்று சொன்னால் அநியாயம். பெருந்தொற்று, சுற்றுலா முடக்கம், பழைய கடன், இரசாயன உரத் தடை எல்லாம் சேர்ந்தன. ஆனால் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த நேரத்தில் வருமானத்தின் வாசலையும் அடைத்தார்கள். பிறகு இரண்டு வரிகளும் ஏறின, முன்பைவிடக் கனமாக. 2023-இல் வருமான வரியின் உச்ச விகிதம் 36 சதவீதம், 2024-இல் மதிப்புக்கூட்டு வரி 18 சதவீதம்.

அமெரிக்காவில் இறக்குமதி வரியை ஏற்றி வருமான வரியை எடுத்துவிடலாம் என்று அதிபர் டிரம்ப் பேசினார். இதைக் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். 2024-இல் அங்கே தனிநபர் வருமான வரியாக வந்தது ஏறத்தாழ 2.4 இலட்சம் கோடி டாலர், கூட்டரசின் வருவாயில் பாதி. அந்த ஆண்டு இறக்குமதியான பொருட்களின் மொத்த மதிப்பே 3.3 இலட்சம் கோடி டாலர்தான். அப்படியென்றால் நூறு டாலர் பொருளுக்கு எழுபதுக்கு மேல் வரி போட வேண்டும். அவ்வளவு போட்டால் இறக்குமதி குறையும், வரியும் குறையும்.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். வளர்ந்த நாடுகளைச் சராசரியாக எடுத்தால் மொத்த வரியில் கால் பங்கு தனிநபர் வருமான வரி. பொருள், சேவை மீதான வரிகள் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கால் பங்கை எடுத்துவிட்டு, மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் இன்று போலவே நடக்க வேண்டுமானால், பொருள் மீதான வரி ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காக வேண்டும். நூறு ரூபாய்ச் செலவுக்கு 10 ரூபாய் வரி கட்டியவர் 17, 18 கட்ட வேண்டும். எங்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்த அம்மா ஒருவர் இருந்தார். அவர் சம்பளம் ஒருநாளும் வருமான வரி வரம்பைத் தொட்டதில்லை. வாங்கிய சம்பளம் மாதம் முடிவதற்குள் முழுதாகச் செலவாகிவிடும். பல மாதம் என்னிடம் முன்பணம் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். செலவழிக்கும் ஒவ்வொரு நூறுக்கும் அவர் 18 கொடுப்பார். சம்பளத்தில் பாதியைச் சேமிக்கும் எங்கள் மேலாளருக்கு மொத்தச் சம்பளத்தில் நூறுக்கு 9 தான் போகும். அத்தியாவசியப் பொருளுக்கு விலக்குக் கொடுக்கலாமே என்பார்கள். கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் விலக்குக் கொடுக்கக் கொடுக்க மீதிப் பொருட்களின் விகிதம் 18-ஐத் தாண்டிப் போகும்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. சம்பளத்திலேயே வரியைப் பிடிக்கும் முறை அமெரிக்காவில் 1943-இலும் பிரிட்டனில் 1944-இலும் போர்ச் செலவுக்காக வந்தது. அமெரிக்காவில் அதை வகுத்தவர்களில் ஒருவரான பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன், வலி தெரியாமல் பணம் எடுக்கும் வழியை அரசுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று பிற்காலத்தில் வருந்தினார். அவர் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. ஆனால் என் மேசையில் விரல் வைத்துக் கேட்ட அந்த ஓட்டுநரை அவர் பார்க்கவில்லை. பிடித்தது ஒரு சீட்டில், ஒரு கட்டத்தில் அச்சாகியிருந்தது. அதனால் கேட்டார், தப்பு வெளியே வந்தது, பணம் திரும்பியது. பொருளின் விலைக்குள் கலந்து போகிற வரியை அந்தக் கூட்டித் துடைத்த அம்மா யாரிடம் கொண்டுபோய்க் காட்டிக் கேட்பார்? எந்தச் சம்பளப் பிரிவு அவருக்குப் படிவம் எழுதும்?

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். வரியில்லா வரம்பை ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்த்துத் தானாக ஏறும்படி சட்டத்திலேயே எழுதிவிடட்டும். அதற்காக ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தையும் பார்த்து ஏங்கும் நிலை வேண்டாம். நிலுவையாக வரும் சம்பளத்தை ஆண்டுவாரியாகப் பிரிக்கும் வேலையைக் கணினியே செய்யட்டும். கூடுதலாகப் பிடித்த பணத்தைத் திருப்பித் தர மூன்று மாதத்துக்கு மேல் ஆனால் வட்டியும் சேர்த்துக் கொடுக்கட்டும். கணக்கைக் காட்டாத பெரிய வருமானங்களைத் தேடிப் பிடிக்க ஆட்களை நியமிக்கட்டும். கசப்பில் பாதி அதிலேயே தீரும்.

உங்களிடமும் ஒரு விண்ணப்பம். வருமான வரியை ஒழிப்போம் என்று எந்தத் தலைவர், எந்த நாட்டில் சொன்னாலும், அந்தச் செய்தியை முதல் பக்கத்தில் தாராளமாகப் போடுங்கள். போடுவதற்கு முன், அந்தக் கால் பங்கு பணம் எங்கிருந்து வரும் என்று உங்கள் செய்தியாளரைக் கேட்கச் சொல்லி, கிடைத்த பதிலையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சம்பளப் பிரிவு எழுத்தர் ஒருவர்