தூணை மட்டும் நீட்டாதீர்கள்

கல்யாண மண்டபமும் வீடும் கட்டித் தரும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு புது மண்டபத்துக்குப் போயிருந்தேன். வாசலில் நான்கு ரோமன் தூண்கள். உயரம் 22 அடி இருக்கும். குறுக்கே ஒரே அடிதான். உச்சியில் மட்டும் பெரிய சுருள் வேலைப்பாடு. பந்தலுக்கு நட்ட சவுக்குக் கழிக்கு யாரோ தலைப்பாகை கட்டிவிட்டது போல இருந்தது.

ரோமன் தூண் வைப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நம் ஸ்தபதி முகத்தின் நீளத்தைத் தாலம் என்ற அளவாக வைத்துச் சிலை முழுவதையும் அளக்கிறார் இல்லையா? ரோமன் முறையில் அந்தத் தாலத்தின் இடத்தில் இருப்பது தூணின் அடிவிட்டம். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞரான விஞோலாவின் கணக்கில், உச்சியில் சுருள் வைத்த அயோனிக் தூண் அடிவிட்டத்தைப் போல 9 மடங்கு உயரம், இலை வேலைப்பாடு வைத்த கொரிந்தியன் 10 மடங்கு. அப்படியானால் அந்த 22 அடித் தூணுக்கு ஏறக்குறைய இரண்டரை அடி விட்டம் வேண்டும். அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் மெல்லச் சிறுக்கவும் வேண்டும். நீங்கள் வைப்பது குழாய்.

சுமையைத்தான் உள்ளே இருக்கும் கம்பியும் கான்கிரீட்டும் தாங்குகின்றனவே என்பீர்கள். சரி, பார்க்கிறவன் கண்ணுக்குக் கம்பி தெரியுமா?

இவ்வளவு பருத்த தூண் வைத்தால் போர்டிகோவில் கார் எப்படி நுழையும்? இதற்கு 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் வழி சொல்லிவிட்டார். தூண்களுக்கு இடையே இரண்டேகால் விட்டம். வாசலுக்கு நேரே மட்டும் மூன்று விட்டம். உங்கள் தூணுக்கு அது 7 அடிக்கு மேல் வரும். டிரைவர் நிதானக்காரராக இருந்தால் இன்னோவாவே நுழையும்.

பீமிலும் பலர் கோட்டை விடுகிறீர்கள். அதன் முகம் தூணின் கழுத்தோடு நேராக வர வேண்டும்.

ஒருமுறை எழும்பூருக்குப் போய், 1821-இல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயத்தைப் பாருங்கள். வட்டக் கூடம், 16 கொரிந்தியன் தூண்கள், மேலே நீலக் குவிமாடம். முகப்புக்குப் பின்னாலிருந்து எழும் கோபுரம் கூரைமேல் ஏறி உட்கார்ந்தது போலத்தான் எனக்குத் தெரிகிறது. அதற்கு முன்மாதிரியான லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் மீதும் இதே புகார் உண்டு. ஆனால் தூண்களைக் குறை சொல்ல முடியாது.

ரெடிமேட் அச்சு ஓரடி விட்டத்தில்தான் கிடைக்கிறதா? 10 அடியில் தூணை நிறுத்திவிட்டு, மாடிக்கு இன்னொரு வரிசை வையுங்கள். கொலோசியத்திலும் அப்படித்தான் அடுக்கியிருக்கிறார்கள்: கீழே தடித்த டஸ்கன் வகை, அதன்மேல் அயோனிக், அதற்கும் மேல் கொரிந்தியன்.

இப்படிக்கு,
மண்டபங்களுக்கு அடிக்கடி சாப்பிட வருகிற ஒருவன்